பாலம் இல்லாத தீவு

என் மாமா பொய் சொல்லமாட்டார். நடக்கப்போவதைக் கொஞ்சம் முன்கூட்டியே நடந்ததாகச் சொல்லிவிடுவார், அவ்வளவுதான். அந்தத் தீவுக்குப் பாலம் இருக்கிறது என்று அம்மாவிடம் அவர் சொன்னதும் அந்த வகையில்தான் சேர்த்தி. "இண்டைக்கு இல்லாட்டி என்ன, எப்பவோ ஒரு நாள் கட்டத்தானே போறாங்கள்" என்று பிறகு எங்களிடம் விளக்கம் சொன்னார்.

அவர் அம்மாவின் ஒரே தம்பி. மொன்றியல் நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடி வீட்டின் முன்னறை சோபாவில் படுத்து எழும்பி, நகரத்துக்குள் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே தன்னோடு வேலை செய்கிறவர்கள் பனிக்காலம் முடிவதற்குள் ஒரு கிழமையாவது எங்கேயாவது போய் வெயில் காய்ந்துவிட்டு வருகிறார்கள் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் விடுமுறை என்றால் ரொறன்ரோ. யாருக்காவது கலியாணமாக இருக்கும், இல்லாவிட்டால் செத்தவீடாக இருக்கும். மடியில் மீன் கட்லட் பெட்டியை வைத்துக்கொண்டு காரில் நாள் முழுக்க இருக்க வேண்டும். கடலைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் விமானம் ஏறலாம் என்பது அப்பாவுக்கு விளங்கக் கொஞ்ச நாள் எடுத்தது. அப்பா ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கட்டில் தள்ளுகிறவர். "சும்மா இருக்கிறதுக்கு அவ்வளவு தூரம் போக வேணுமோ?" என்று கேட்டார். பிறகு ஒருநாள் விடிய எழும்பி, பனிக்குள் புதைந்த காரைச் சவளால் வெட்டி எடுத்துவிட்டு உள்ளே வந்தவர், மாமாவைப் பார்த்து "ஓம், போவம்" என்றுவிட்டார்.

மாமா கரீபியன் கடலில் ஒரு குட்டி எரிமலைத் தீவைப் பார்த்து வைத்திருந்தார். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தண்ணியில போறதோ?"

அம்மா தண்ணீரில் போகமாட்டார். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற லவாலுக்குப் போகிற பாலத்தில் கார் ஏறினால்கூட செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அம்மாவும் மாமாவும் சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் படகில் போனவர்கள். அப்போது அம்மாவுக்குப் பதினாறு வயது, மாமாவுக்கு நாலு. அதைப் பற்றி எங்கள் வீட்டில் "படகில போனனாங்கள், பேந்து இஞ்சால வந்தனாங்கள்" என்ற ஒரு வரிக்கு மேல் பேச்சு இருந்ததில்லை. மாமாவுக்கோ அதில் ஒரு துளியும் ஞாபகமில்லை. எனக்குத் தெரிந்த படகு, மொன்றியல் பழைய துறைமுகத்தில் உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஆற்றைச் சுற்றிவருகிற படகு. அதில் ஐஸ்கிரீம் விற்பார்கள். அப்படி ஒன்றில் போனதற்காக ஒருவர் இவ்வளவு காலம் தண்ணீரோடு கோபமாக இருப்பது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பட்டது.

"அக்கா, மொன்றியலே ஒரு தீவு. இந்த மலையும் பழைய எரிமலையாம். நீங்கள் இத்தனை வருசமா எரிமலைத் தீவிலதான் குடியிருக்கிறியள். இன்னொண்டைப் போய்ப் பாத்தா என்ன?" என்றார் மாமா. "அதோட, இதுக்குப் பாலம் இருக்கு."

அந்த மலை எரிமலையே இல்லை என்று பள்ளிக்கூடத்தில் எங்கள் ஆசிரியை மதாம் சொல்லித் தந்திருந்தார். நான் வாய் திறக்கவில்லை. எனக்கு அந்தத் தீவு வேண்டியிருந்தது. ஒன்பது வயது எனக்கு. வகுப்பில் ஆளுக்கொரு மிருகத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் நாய், பூனை, வெள்ளெலி என்று அடக்கமாகத் தெரிவு செய்ய, நான் எழுந்து நின்று, அந்தத் தீவில் இருக்கிற இகுவானா என்ற பெரிய ஓணானை என் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துதான் பேசுவேன் என்று சொல்லியிருந்தேன். வகுப்பே சிரித்தது. இனித் தொடாமல் திரும்பினால் மானம் போய்விடும்.

விமானம் எங்களைக் குவாதலூப் என்ற பெரிய தீவில் இறக்கியது. அங்கே எல்லாரும் பிரெஞ்சு பேசினார்கள். ஆகவே பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் படிக்கிற நான்தான் வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர். கரையிலிருந்து பார்த்தால் அந்தக் குட்டித் தீவு கடலுக்குள் ஒரு பச்சைத் திட்டாகத் தெரிந்தது. எரிமலை கக்கிய கல்லில் ஆனது, ஆட்கள் குடியில்லை, இகுவானாக்களும் ஆடுகளும் கூழைக்கடாக்களும்தான் என்று எங்களைக் கொண்டுபோக நின்ற படகோட்டி சொன்னார்.

அம்மா கடலையும் கரையோரத்தையும் முழுவதுமாகப் பார்த்துவிட்டு, "பாலம் எங்கயடா?" என்று கேட்டார்.

மாமா, நாங்கள் நின்றுகொண்டிருந்த மரத்தாலான இறங்குதுறையைக் காலால் தட்டிக் காட்டினார். "இதுதான் அக்கா. கொஞ்சம் கட்டையாக் கட்டிப்போட்டாங்கள்."

அப்பா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. "நான் இதில நிக்கிறன். நீங்கள் போட்டு வாங்கோ" என்றார். அப்பா உடனே, அப்படியானால் யாரும் போக வேண்டாம் என்றார். நான் அழத் தொடங்கினேன். அழுகை என்றால் சும்மா இல்லை; துறையில் நின்ற மற்ற ஆட்கள் திரும்பிப் பார்க்கும்படியான அழுகை. அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஒருவரின் உதவியும் இல்லாமல் படகுக்குள் இறங்கி, நடுவில், கீழே, பலகையில் முதுகு முட்ட உட்கார்ந்துகொண்டார். படகோட்டி அதைக் கவனித்துவிட்டு, மதாமுக்குப் படகு பழக்கம் போலிருக்கிறதே என்று என்னிடம் சொன்னார். இல்லவே இல்லை என்று நான் சொன்னேன்.

தீவு நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. மணல் கறுப்பு. வெயிலில் அது சுட்ட சூட்டுக்கு மாமா ஒரு கால் மாற்றி மறுகாலைத் தூக்கிக் கூத்தாடினார். இடிந்த மதில் ஒன்றின்மேல் இகுவானா ஒன்று தன் வீட்டு வாசலில் இருப்பதுபோல் இருந்தது. அதைத் தொடக்கூடாது என்று படகோட்டி சொன்னார். எனக்கு உலகமே இடிந்து விழுந்தது. ஆனால் அது தானாகவே இறங்கி, என் செருப்பின் மேலால் வாலை இழுத்துக்கொண்டு போனது. செருப்பும் நான்தான் என்று எடுத்துக்கொண்டேன். "எங்கட உடும்புக்குச் சொந்தக்காரன்போல" என்றார் மாமா. அவர் உடும்பைக் கண்டவரல்ல. அம்மா கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மலையைப் பார்த்தபடி, ரொட்டியும் சம்பலும் பிரித்து வைத்தார். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

திரும்பி வரும்போது பாதி தூரம்கூட வந்திருக்கமாட்டோம், எஞ்சின் நின்றுவிட்டது. படகோட்டி கயிற்றை இழுத்தார். முதலில் பாட்டுப் பாடிக்கொண்டே இழுத்தார். பிறகு பாட்டை விட்டுவிட்டு இழுத்தார். தீவின் உச்சியில் கிடந்த மேகம் எங்களுக்கு நேரே இறங்கி மழையாகக் கொட்டத் தொடங்கியது. கரையும் தெரியவில்லை, தீவும் தெரியவில்லை. ஆனால் தீவின் முனையில் இருந்த கறுப்புப் பாறைகளில் அலை மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. எரிமலைக் குழம்பு கடலுக்குள் இறங்கி உறைந்த இடம் என்று போகும்போது படகோட்டி பெருமையோடு காட்டிய பாறைகள் அவை. நீரோட்டம் எங்களை அந்தப் பக்கமாகத்தான் கொண்டுபோகிறது என்று அவர் முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது.

அவர் வானொலிக் கருவியில் யாரையோ கூப்பிட்டுப் பேசினார். பிறகு என்னிடம் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். "கடல் பொலிஸ் வருதாம். மழைக்குள்ள அவைக்கு எங்களைத் தெரியாதாம். நாங்கள்தான் காட்ட வேணுமாம். பாறையில அடிக்க முதல் அவை எங்களைக் காண வேணுமாம். அம்மா, உங்களுக்குப் பக்கத்தில இருக்கிற பெட்டிக்குள்ள செம்மஞ்சள் கொடி இருக்காம், எடுக்கட்டாம்."

அப்பா பின்பக்கத்தில் படகோட்டியோடு நின்று, இடைஞ்சலென்று தன் மிதவைச் சட்டையைக் கழற்றி எங்கள் பக்கம் போட்டுவிட்டு, உள்ளே நிறைகிற தண்ணீரை ஒரு வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். மாமா எங்களோடு முன்பக்கத்தில் இருந்தார். "அத்தான், பயப்பிடாதேங்கோ. இதெல்லாம் இவங்களுக்கு நாளாந்தம் நடக்கிறது" என்று அவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா நடுங்கிக்கொண்டிருந்தார். செபமாலை கையில் கிடந்து ஆடியது.

அப்போது மழைக்குள்ளிருந்து ஒரு பெரிய எஞ்சினின் சத்தம் கேட்டது.

அம்மாவின் நடுக்கம் அந்த நிமிடமே நின்றுவிட்டது. தலையைத் திருப்பி ஒரு காதால் கேட்டார். "நேவி" என்றார். பிறகு, "படுங்கோ."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கடையில் சாமான் மாற்றக்கூட அப்பாவை முன்னால் அனுப்புகிற என் அம்மாவுக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. மாமா பேசிக்கொண்டிருந்த சொல்லை முடிக்காமல் அப்படியே குப்புறப் படுத்தார். ஏன் என்று கேட்கவில்லை, என்ன என்று பார்க்கவில்லை. அவ்வளவு உயரமான மனிதர், காலை மடக்கி, தலையை அம்மாவின் முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய் வைத்துக்கொண்டார். அம்மா என்னையும் இழுத்துக் கீழே கிடத்தி, சாமான்களை மூடியிருந்த நீலப் படங்கை எடுத்து எங்கள் மூவரின் மேலும் போர்த்தினார். எங்கள் செம்மஞ்சள் மிதவைச் சட்டைகள் எல்லாம் அதற்குள் மறைந்தன. ஒரு காலால் கொடிப் பெட்டியின் மூடியை அழுத்திக்கொண்டார். என் வாயைப் பொத்தினார்.

அந்தக் கையை எனக்கு இன்றும் தெரியும். உள்ளங்கை வாயை முழுதாக அடைத்தது. ஆள்காட்டி விரல் சரியாக மூக்குக்குக் கீழே நின்றது, அதற்கு மேலே ஒரு நூல் ஏறவில்லை. முழங்கை என் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. எனக்கு மூச்சு வந்தது. சத்தம்தான் வரவில்லை.

வெளியே அப்பா கத்தினார். "கொடியை எடு! என்ன செய்யிறாய்? இஞ்சாரும், கொடியை எடும்!" அப்பா விமானத்தில் கனடா வந்தவர். படகோட்டி பிரெஞ்சில் கத்தினார்: கொடி, மகளே, கொடி! அவர் யாரைக் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும். அந்தப் படகில் அவருடைய பேச்சை அம்மாவுக்குச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். என் வாய் அம்மாவின் கைக்குள் இருந்தது. அப்பா முன்னால் வர ஒரு அடி வைத்தார். படகு சரிந்து தண்ணீர் உள்ளே பாய்ந்தது. அசையாதே என்று படகோட்டி அலறினார். அப்பா தன் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேலே வீசிக் காட்டினார். அது சாம்பல் நிறச் சட்டை.

எஞ்சின் சத்தம் பெருத்து, பலகை அதிரும்படி கிட்ட வந்து, பிறகு மெல்ல மெல்லத் தேய்ந்தது. அவர்கள் எங்களைக் காணாமல் தாண்டிப் போய்விட்டார்கள்.

படங்குக்குள் அம்மா பெருமூச்சு விட்டார். "போயிட்டாங்கள்" என்று என் காதுக்குள் சொன்னார். கையை எடுத்துவிட்டு என் தலையில் கொஞ்சினார். அவ்வளவு சந்தோஷமாக அம்மாவை நான் அதிகம் கண்டதில்லை. "மாதாவே, போயிட்டாங்கள்."

பாறையில் அலை அடிக்கிற சத்தம் இப்போது மிகக் கிட்டக் கேட்டது. எனக்கு அம்மாமேல் வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது! அம்மாவுக்கு விசர் பிடித்துவிட்டது, நாங்கள் சாகப்போகிறோம், அதை நினைத்து அம்மா சந்தோஷப்படுகிறார். "அம்மா, அவை எங்களைக் காப்பாத்த வந்தவை" என்றேன். "கதையாதை" என்றார் அம்மா, அன்பாக.

சத்தம் மறுபடி கேட்டது. திரும்பி வருகிறார்கள். கை மறுபடி வந்தது. இந்தமுறை நான் கடித்தேன். விளையாட்டுக்கில்லை, பல் உள்ளே இறங்கும்படி கடித்தேன். அம்மா கத்தவில்லை, ஒரு சின்ன முனகல்கூட வரவில்லை. ஆனால் பிடி தளர்ந்தது. நான் படங்கைத் தள்ளிக்கொண்டு எழுந்து, செம்மஞ்சள் மிதவைச் சட்டையோடு மழைக்குள் நின்று, எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் கத்தினேன். விழுந்துவிடாமல் படகோட்டி பாய்ந்து வந்து என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டார். மழைக்குள்ளிருந்து ஒரு சாம்பல் நிறக் கப்பல் மூக்கு வெளியே வந்து எங்களை நோக்கித் திரும்பியது.

"கண்டிட்டாங்கள்" என்று படங்குக்குள் அம்மா சொன்னது கேட்டது. என்னிடமல்ல, மாமாவிடம்.

சீருடை போட்ட இரண்டு பேர் கயிறு எறிந்து எங்கள் படகை இழுத்தார்கள். அம்மா எழுந்து, என்னைத் தனக்குப் பின்னால் தள்ளிவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். ஒரு கையிலிருந்து இரத்தம் வடிந்தது. இளவயதுப் பொலிஸ்காரர் ஒருவர், அம்மா தன்னைத் தூக்கச் சொல்லிக் கேட்கிறார் என்று நினைத்து, கக்கத்தில் கைகொடுத்து ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கித் தங்கள் படகில் வைத்தார். கம்பளி போர்த்தினார். பிஸ்கட் கொடுத்தார். என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. அம்மா பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார்.

மாமா மட்டும் எழும்பவில்லை. அப்பா கூப்பிட்டார், படகோட்டி தட்டினார், பொலிஸ்காரர் அவருக்கு அடிபட்டுவிட்டதா என்று என்னிடம் கேட்டார். இல்லை, பயம் என்றேன். கடைசியில் அம்மா அந்தப் படகில் இருந்தபடியே, "எழும்படா ராசா, வா" என்றார். உடனே எழுந்து வந்தார். அப்பா அம்மாவுக்குக் கிட்ட வந்தார். தன் சட்டையைப் பிழிந்து, நான் கடித்த கையில் சுற்றிவிட்டார்.

மொன்றியலுக்குத் திரும்பியதும் மாமா பழைய மாமாவாகிவிட்டார். ஞாயிறு பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் சொன்னார்: பொலிஸ் படகை முதலில் கண்டது அவர்தானாம், கொடி காட்டியதும் அவர்தானாம். "மாமா படங்குக்குக் கீழ படுத்துக்கிடந்தவர்" என்று நான் எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

வகுப்பில் என் முறை வந்தது. இகுவானாவைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசினேன். படகுக் கதையைத்தான் சொன்னேன். பக்கத்தில் இருந்தவளைக் கூப்பிட்டு, அம்மா எப்படி வாயைப் பொத்தினார் என்று செய்துகாட்டினேன். எல்லாரும் கைதட்டினார்கள். மதாம் மட்டும் கைதட்டாமல், உன் அம்மா எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று கேட்டார். இகுவானாவின் வாலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை என்று எனக்கு மனவருத்தம்.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மாமா வேலைக்குப் போக முதல் சோபாவில் சாய்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் எனக்குக் கைதட்டியதைச் சொன்னேன்.

"அப்பிடி என்னத்தைச் செய்து காட்டினனீ?" என்றார்.

"இப்பிடி" என்று அவர் வாயை என் கையால் பொத்தினேன். விரலைச் சரியாக மூக்குக்குக் கீழே வைத்தேன். வழக்கமாக இப்படி ஏதாவது செய்தால் உள்ளங்கையை நக்குவார், இல்லாவிட்டால் அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டி என்னைக் கீழே விழுத்துவார். நான் அதற்குத் தயாராக உடம்பைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. கைகள் இரண்டும் பக்கத்தில் அப்படியே கிடந்தன. கண் முகட்டைப் பார்த்தது. மூச்சு மட்டும் மூக்கு வழியாக, மெதுவாக, என் விரலில் பட்டுப் பட்டுப் போனது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அம்மா மாப்பிசைந்த கையோடு குசினியிலிருந்து வந்து வாசலில் நின்றார்.

"கையை எடு பிள்ளை."

"ஏன் அம்மா? மாமா பேசாமத்தானே இருக்கிறார்."

"எடு. நீ எடுக்குமட்டும் அவன் அப்பிடியேதான் கிடப்பான்."

எடுத்தேன். மாமா எழுந்து, முகத்தை ஒருதரம் துடைத்துவிட்டு, நேரம் போய்விட்டது என்று சொல்லிச் சப்பாத்தைத் தேடினார். அம்மா குசினிக்குத் திரும்பிப் போய்விட்டார். அம்மாவுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எந்த விளையாட்டிலும் என்னிடம் தோற்காத மாமாவை மடக்க ஒரு வழி கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம்தான் எனக்கு. இனி அவர் கதை அளக்கத் தொடங்கும்போதெல்லாம் இதையே செய்வது என்று தீர்மானித்துக்கொண்டேன்.